திண்டிவனத்தில் தட்டப்பட்ட கதவு: வெளிநாட்டில் வீடு தேடும் நர்ஸ்களே, டாக்டர்களே... ஐடா ஸ்கடர் கதை உங்களுக்குத்தான்!

ஆங்கிலத் தேர்வு பாஸ். இன்டர்வியூ முடிஞ்சாச்சு. விசா வந்தாச்சு. பெட்டியில் ஊறுகாய் பாட்டிலுக்கு இடம் பார்த்தாச்சு. இப்போ ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிறது ஒரே ஒரு கேள்விதான். அங்கே போய் எங்க தங்கறது?

மருத்துவமனை வேலை கிடைச்சு வெளிநாடு கிளம்பும் நர்ஸ், டாக்டர், லேப் டெக்னீஷியன், பிசியோதெரபிஸ்ட் எல்லோருக்கும் இந்தக் கேள்வி உண்டு. வேலைக்கு ஆர்டர் இருக்கு. வீட்டுக்குத்தான் யாரும் ஆர்டர் தர்றதில்லை. போனில் பத்து வாடகை ஆப் இறக்கி, படம் படமாத் தள்ளிப் பார்த்துட்டு, கடைசியில் அம்மாகிட்ட எல்லாம் சரியா இருக்கும்மான்னு ஒரு பொய் சொல்லிட்டுப் படுப்பீங்க.

நீங்க மரக்காணம் பக்கத்துப் பிள்ளையா? அப்போ இந்தக் கதை உங்க வீட்டு வாசல்லேயே ஆரம்பிக்குது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ரெண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையா உப்புக் குவிஞ்சு கிடக்கும் உங்க ஊரிலிருந்து மேற்கே பஸ் ஏறினா, சுமார் 35 கிலோமீட்டரில் திண்டிவனம். புத்தகம் வாங்கவும், காலேஜ் போகவும், ரயில் பிடிக்கவும் நீங்க நூறு தடவை போன ஊர். அந்த ஊரில், 130 வருஷத்துக்கு முன்னாடி, ஒரு ராத்திரி ஒரு வீட்டுக் கதவு மூணு தடவை தட்டப்பட்டது. கதவைத் திறந்த அமெரிக்கப் பொண்ணுக்கு அப்போ இருபது வயசை ஒட்டி. இந்த நாட்டில் தங்கவே மாட்டேன்னு முடிவோடு இருந்தவர். பேர் ஐடா ஸ்கடர்.

பின்னாளில் வேலூர் சி.எம்.சி மருத்துவமனையை உருவாக்கிய அதே ஐடா ஸ்கடர்தான். அவரைப் பற்றிப் பேசும் எல்லோரும் மருத்துவமனையைப் பற்றிப் பேசுவாங்க. நாம இன்னைக்குப் பார்க்கப் போறது வேற. பிறந்த நாள் முதல், எது தன் வீடுன்னு தெரியாமலே வளர்ந்த ஒரு பொண்ணு, வேற நாட்டில் டாக்டரா வந்து எப்படி ஒரு வீட்டைக் கண்டுபிடிச்சார்ங்கிறது.

வீடு மாறிக்கிட்டே இருந்த குழந்தை

ஸ்கடர் குடும்பத்துக்கும் தமிழ் பேசும் மண்ணுக்கும் உள்ள தொடர்பு 1819-இல் தொடங்குது. ஐடாவின் தாத்தா ஜான் ஸ்கடர், நியூயார்க்கில் நல்லா ஓடிக்கொண்டிருந்த மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு, மிஷனரி டாக்டராக மனைவியோடு கப்பல் ஏறினார். வந்து சேர்ந்த இடம் யாழ்ப்பாணம், பண்டத்தரிப்பு. பிறகு 1836-இல் சென்னை. அவருடைய மகன்கள் ஏழு பேரும் இந்தியாவில் மிஷன் பணி செய்தார்கள். அதில் ஒருவர், அப்பா பெயரையே கொண்ட இரண்டாம் ஜான் ஸ்கடர். அவரும் டாக்டர். அவருக்கும் சோஃபியாவுக்கும் கடைசிக் குழந்தையாக, ஐந்து அண்ணன்களுக்குத் தங்கையாக, 1870 டிசம்பர் 9 அன்று ராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா.

தமிழ் கேட்டு வளர்ந்த குழந்தை. ஆனால் நிம்மதியாக வளர்ந்த குழந்தைன்னு சொல்ல முடியாது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கிய பெரும் பஞ்சம் அந்தச் சின்ன வயசிலேயே அவர் கண்ணில் பட்டது. பசியில் சுருண்ட பிள்ளைகளுக்கு ரொட்டித் துண்டு கொடுத்த கைகளில் அந்தக் குட்டிக் கையும் ஒன்று. அந்தப் பிள்ளைகளில் சிலருக்கு ரொட்டியை எடுத்துச் சாப்பிடக்கூட தெம்பு இல்லை. வாயில் ஊட்ட வேண்டியிருந்தது. இதையெல்லாம் ஏழெட்டு வயசில் பார்த்த பிள்ளைக்கு இந்த ஊர் மேல் ஆசை வருமா, பயம் வருமா?

பஞ்சம் முடிந்த கையோடு குடும்பம் அமெரிக்கா போனது. நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு பண்ணை வீடு. அப்பாடா, வந்துட்டோம்னு அந்தக் குழந்தை நினைச்சிருக்கும். ஆனால் சில வருஷத்தில் அப்பா மட்டும் இந்தியாவுக்குத் திரும்பினார். பிறகு அம்மாவும் கிளம்பினார். பதின்ம வயசை எட்டிக்கொண்டிருந்த ஐடாவை சிகாகோவில் பெரியப்பா வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். அம்மா போன ராத்திரி, அவர் தலை வைத்திருந்த தலையணையில் முகம் புதைத்து ஐடா அழுததாக வாழ்க்கை வரலாற்றில் சொல்லப்படுகிறது. கொஞ்ச வருஷத்தில் அந்தப் பெரியப்பா குடும்பமும் ஜப்பான் கிளம்பிப் போய்விட, ஐடா மாசசூசெட்ஸில் நார்த்ஃபீல்டு பள்ளி விடுதிக்குப் போனார்.

கணக்குப் போட்டுப் பாருங்க. ராணிப்பேட்டை, வேலூர், நெப்ராஸ்கா, சிகாகோ, நார்த்ஃபீல்டு. இருபது வயசுக்குள் அஞ்சு இடம். ஒவ்வொரு இடத்திலும் யாரோ ஒருத்தர் பெட்டி கட்டிக்கிட்டுப் போயிட்டாங்க.

இப்படி வளர்ந்த பொண்ணு என்ன ஆசைப்படுவார்? மிஷன் வேலையும் வேண்டாம், இந்தியாவும் வேண்டாம். அமெரிக்காவிலேயே படிச்சு, பிடிச்ச ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு, ஒரே வீட்டில் நிம்மதியா இருக்கணும். அவ்வளவுதான் அவர் கேட்டது. உங்களில் பல பேர் கேட்கிறதும் அதுதானே?

அந்த ஒரு ராத்திரி

1890-இல் இந்தியாவிலிருந்து செய்தி வந்தது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. அப்பா அப்போது இருந்த ஊர் திண்டிவனம். ஐடா கிளம்பி வந்தார். அம்மாவைப் பார்த்துக்கொள்ள மட்டும்தான் வந்தார். அவருடைய மனசில் ரிட்டர்ன் டிக்கெட் எப்போதோ போட்டாச்சு.

அப்படி இருக்கும்போதுதான் அந்த ராத்திரி. விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்த ஐடாவிடம் முதலில் வந்தவர் ஒரு பிராமண இளைஞர். மனைவிக்குப் பிரசவ வலி, குழந்தை வரவில்லை, மருத்துவச்சியால் முடியவில்லை. ஐடா வந்து பார்க்க வேண்டும் என்று கேட்டார். நான் டாக்டர் இல்லை, அப்பாதான் டாக்டர், அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று ஐடா சொன்னார். அந்த இளைஞர் மறுத்துவிட்டார். அன்னிய ஆண் ஒருவர் தன் மனைவியைப் பார்ப்பதைவிட அவள் சாவதே மேல் என்று திரும்பிப் போனார்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி கதவு தட்டும் சத்தம். இந்த முறை ஒரு முஸ்லிம் இளைஞர். அதே வேண்டுதல், அதே பதில், அதே மறுப்பு. மூன்றாவதாக வந்தவரும் ஓர் இந்துக் குடும்பத்து ஆள். அவரும் அதையே கேட்டார், அதேபோல் திரும்பிப் போனார். வீட்டுக்குள்ளேயே ஒரு டாக்டர் இருக்கிறார். வாசலில் மூன்று பேர் வந்து நிற்கிறார்கள். நடுவில் யாராலும் தாண்ட முடியாத ஒரு சுவர்.

விடிந்ததும் தெருவில் சாவு மேளம் கேட்டது. ஐடா ஆள் அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். கிட்டத்தட்ட ஐடாவின் வயசு உள்ள பெண்கள்.

அன்று நெடுநேரம் அறைக்குள் இருந்துவிட்டு வெளியே வந்த ஐடா, அப்பா அம்மாவிடம் ஒரே ஒரு முடிவைச் சொன்னார். அமெரிக்கா போய் மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பி வரப்போகிறார். பெண்களுக்கு வைத்தியம் பார்க்கப் போகிறார்.

இந்த இடத்தை எல்லோரும் தியாகம்னு சொல்லிக் கடந்து போயிடுவாங்க. கொஞ்சம் நின்று பாருங்க. வீடுன்னா தன்னைப் பத்திரமா வச்சிருக்கும் நாலு சுவர்னுதான் அதுவரைக்கும் ஐடா நினைச்சிருந்தார். அந்த ராத்திரி அவர் அப்படி ஒரு வீட்டுக்குள்தான் இருந்தார். பத்திரமாத்தான் இருந்தார். ஆனால் தட்டின மூணு பேருக்கும் அந்த வீட்டால் எந்தப் பயனும் இல்லை. அதுக்கப்புறம் அவருக்கு வீடுங்கிற வார்த்தைக்கே அர்த்தம் மாறிப்போச்சு.

முதல் வீடு: ஒரு சின்ன அறை, ஒரு ஜன்னல்

1895-இல் பிலடெல்ஃபியாவில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1898-இல் கார்னெல் பல்கலைக்கழகம் நியூயார்க்கில் மருத்துவக் கல்லூரி தொடங்கி பெண்களையும் சேர்த்துக்கொள்ள, அங்கே மாறினார். 1899-இல் பட்டம். அந்தக் கல்லூரியில் பட்டம் வாங்கிய முதல் பெண்களில் அவரும் ஒருவர்.

கிளம்பும் முன் இன்னொரு வேலையும் தலையில் விழுந்தது. வேலூரில் பெண்களுக்கு ஒரு மருத்துவமனை கட்ட 8,000 டாலர் திரட்டணும். கையில் இருந்ததோ சில நாட்கள். ஒரு வீட்டில் உதவி கேட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, பக்கத்து அறையில் இருந்த ஷெல் என்ற வயதான வங்கியாளர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் கூப்பிட்டு அனுப்பி, இறந்துபோன தன் மனைவி மேரி டேபர் ஷெல் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார்.

1900-ஆம் ஆண்டு பிறக்கும் நேரத்தில் ஐடா இந்தியா வந்து சேர்ந்தார். கூடவே பள்ளித் தோழி ஆனி ஹான்காக். இப்போது அப்பா இருந்தது வேலூரில். நம்ம திண்டிவனத்திலிருந்து வந்தவாசி, ஆரணி வழியாகப் போனால் வருமே, அதே வேலூர். அனுபவசாலி அப்பா பக்கத்தில் இருந்து கத்துக்கலாம், தைரியமா ஆரம்பிக்கலாம்கிற நினைப்பு. ஆனால் அந்த மே மாதமே அப்பா புற்றுநோயில் இறந்துபோனார்.

டிகிரி வாங்கி ஒரு வருஷம்கூட ஆகலை. சீனியர் யாரும் இல்லை. மருத்துவமனைக் கட்டடம் இன்னும் எழும்பலை. இப்போ என்ன பண்றது?

ஐடா செய்தது ரொம்பச் சாதாரணமான காரியம். குடும்பம் தங்கியிருந்த மிஷன் பங்களாவில் ஒரு சின்ன அறையை ஒதுக்கி மருந்தகம் ஆக்கினார். அதன் ஜன்னல் வழியாகவே நோயாளிகளுக்கு மருந்து போகும். தங்குற இடமும் அதுவே, வேலை இடமும் அதுவே.

முதலில் யாரும் வரலை. வந்த முதல் நோயாளி கைமீறிய நிலையில் இருந்தார், இறந்துவிட்டார். அந்தச் செய்தி ஊருக்குள் போனதும் இருந்த நம்பிக்கையும் போச்சு. அப்புறம் கண் வீங்கி வந்த ஒரு பெண்ணுக்குக் குணமானது. அவர் போய் பக்கத்து வீட்டில் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் அடுத்த தெருவில் சொன்னார். வரிசை நீண்டது. உதவிக்கு நர்ஸ் இல்லை. வீட்டுச் சமையற்கட்டில் வேலை செய்த சலோமி கை கழுவிட்டு வந்து நின்றார். கட்டுப்போடக் கற்றுக்கொண்டார், மருந்து எடுத்துக் கொடுக்கக் கற்றுக்கொண்டார். இரண்டு வருஷத்துக்குள் அந்தச் சின்ன இடத்தில் ஐயாயிரம் பேருக்கு மேல் வைத்தியம் பார்த்தார்கள். 1902-இல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

உங்க ஊர்க்காரங்களுக்கு இது சொல்லாமலே புரியும். பாத்தியில் தண்ணி கட்டின அன்னைக்கே உப்பு வாரிட முடியாது. வெயிலுக்கும் காத்துக்கும் நேரம் கொடுக்கணும்.

உங்க முதல் அறைக்கு ஒரு நிமிஷம்

நியாயமா ஒண்ணு சொல்லணும். ஐடாவுக்கு மிஷன் வீடு கொடுத்தது. சம்பளத்தோடு கூரையும் வந்தது. ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில் வெள்ளைக்காரப் பெண்ணுக்கு வேலூரில் வீடு தர மாட்டேன்னு யாரும் கதவைச் சாத்தியிருக்கப் போறதில்லை. உங்களுக்கு அப்படி இல்லை. பேரைக் கேட்டதும் வீடு போயிடுச்சுன்னு சொல்லும் ஆட்களும் இருப்பாங்க. அதனால் ஐடாவிடமிருந்து எடுத்துக்க வேண்டியது அவருடைய வசதியை இல்லை, வரிசையை. முதலில் ஒரு சின்ன அறை, வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில். கனவு வீடு பிறகு.

வேலை கொடுக்கும் மருத்துவமனை ஆரம்ப வாரங்களுக்குத் தங்குமிடம் தருதான்னு ஆஃபர் லெட்டரில் பாருங்க. இல்லைன்னா தயங்காம மெயில் போட்டுக் கேளுங்க. அந்த நாட்களில் ஊரை நடந்து பாருங்க. நைட் டியூட்டி முடிஞ்சு வரும் நேரத்துக்கு பஸ் இருக்கான்னு பாருங்க. நேரில் பார்க்காத வீட்டுக்கு, போட்டோவை நம்பி அட்வான்ஸ் அனுப்பாதீங்க.

சட்டமும் கொஞ்சம் தெரிஞ்சு வச்சுக்கோங்க. இங்கிலாந்தில் சாதாரண வாடகை வீட்டுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது. வாங்கிய டெபாசிட்டை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் வீட்டுக்காரர் போட்டு வைக்கணும். ஜெர்மனியில் டெபாசிட்டுக்கு உச்சவரம்பு மூன்று மாத வாடகை. அதுவும் ஹீட்டர், தண்ணீர்ச் செலவு சேர்க்காத வாடகைக் கணக்கில். அதை மூணு தவணையாகக் கொடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. அங்கே குடியேறி இரண்டு வாரத்துக்குள் முகவரியை அலுவலகத்தில் பதிவு செய்யணும். இந்த விவரம் தெரிஞ்ச ஆளை ஏமாத்துறது கொஞ்சம் கஷ்டம்.

கதவைத் தட்ட ஆள் வேணும்

சரி, ஐடாவுக்கு வருவோம். அறை கிடைச்சது, மருத்துவமனையும் வந்தது. ஆனால் வீடு எப்போ வந்தது?

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சின்ன வயசில் ஆசைப்பட்ட அந்தக் குடும்ப வாழ்க்கை அமையவே இல்லை. ஆனால் அவரைத் தனியாளுன்னு சொல்லவும் முடியாது. சிகாகோவில் விட்டுவிட்டுப் போன அதே அம்மா, இப்போது வேலூரில் மகளோடவே இருந்தார். 1925-இல் இறக்கும் வரை அம்மாவும் மகளும் ஒரே வீட்டில். சின்ன வயசில் கிடைக்காத கால் நூற்றாண்டை இருவரும் வேலூரில் வாழ்ந்து தீர்த்துக்கொண்டார்கள்.

தோழி ஆனி வேலூரின் வீடு வீடாகப் போய்ப் பெண்களோடு பழகினார். டாக்டரம்மா யார், எப்படிப்பட்டவர் என்பது அந்தப் பேச்சுகள் வழியாகவும் ஊருக்குள் போனது. பின்னால் அமெரிக்காவிலிருந்து வந்த கெர்ட்ரூட் டாட், திரும்பிப் போகாமல் இங்கேயே தங்கினார். கணக்கு வழக்குகளைப் பார்த்துக்கொண்டார், தன் பணத்தில் எத்தனையோ மாணவிகளைப் படிக்க வைத்தார். 1944-இல் அவர் இறக்கும் வரை ஐடாவுக்கு அவர் கூடப்பிறக்காத அக்கா மாதிரி.

ஊரிலிருந்து வந்த ஒருத்தர், கூட வேலை செய்யும் ஒருத்தர், அந்த மண்ணிலேயே பிறந்த ஒருத்தர். ஆனி, கெர்ட்ரூட், சலோமின்னு ஐடாவைச் சுத்தி இருந்தது இந்த மாதிரி ஆட்கள்தான். நீங்க போற ஊரிலும் இந்த மூணு வகை ஆளும் வேணும். நம்ம ஊர் ஆட்களோடு மட்டுமே ஒரே வீட்டில் அடைஞ்சுகிட்டா சாம்பார் கிடைக்கும், ஆனால் ஊர் பிடிபடாது. நம்ம ஆளே வேண்டாம்னு ஒதுங்கினா, ஜுரம் வந்த அன்னைக்குக் கஞ்சி வச்சுத் தர ஆள் இருக்காது.

ஐடா வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கவும் இல்லை. வாரா வாரம் குடியாத்தம் பக்கம் வண்டி கட்டிக்கொண்டு போய், வழியில் மரத்தடிகளில் நிறுத்தி வைத்தியம் பார்த்தார். 1909-இல் ஒரு பியூஜோ கார் வந்தது. புகை விட்டுக்கொண்டு சத்தத்தோடு வந்த அந்த வண்டியைப் பார்த்து ஜனங்கள் பயந்து ஓடினார்கள். போகப் போக, அந்தச் சத்தம் கேட்டாலே மரத்தடியில் கூட்டம் கூடியது. ஒரு ஊருக்குள்ள நீங்க எந்தத் தெருவில் குடியிருக்கீங்கன்னு தெரிஞ்சா நீங்க வாடகைக்காரர். நீங்க வர்ற நேரம் தெரிஞ்சு நாலு பேர் காத்திருந்தா, அந்த ஊர் உங்களுடையது.

வீடில்லாத பொண்ணு கட்டிய விடுதி

கதையில் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இனிமேதான் வருது.

தனி ஒரு டாக்டரால் எத்தனை கதவுக்குப் பதில் சொல்ல முடியும்? இந்த மண்ணின் பெண்களே நர்ஸாகணும், டாக்டராகணும். 1909-இல் நர்ஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அடுத்து பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வேணும்னு கேட்டபோது, அரசின் மருத்துவத் துறைத் தலைவருக்கே நம்பிக்கை இல்லை. மூணு விண்ணப்பம் வந்தாலே பெரிய விஷயம்கிற அளவில்தான் அவர் நினைச்சார். வந்தது அதைப்போல் பல மடங்கு. 1918 ஆகஸ்டில் பள்ளி திறந்தது. முதல் அணியில் 14 பேர் முடிச்சு வெளியே வந்தார்கள். மாகாணத் தேர்வும் வந்தது. ஆண்கள் பள்ளிகளில் பெரும்பகுதி தோற்ற அந்தத் தேர்வில், வேலூர்ப் பெண்கள் 14 பேரும் முதல் தடவையிலேயே தேறினார்கள்.

அந்தப் பெண்களை யோசிச்சுப் பாருங்க. வெவ்வேறு ஊர், வெவ்வேறு மொழி, வெவ்வேறு சாதி, மதம். வீட்டைவிட்டு முதல் தடவை கிளம்பியவர்கள். பொம்பளைப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பறதான்னு கேட்ட சொந்தக்காரர்களைத் தாண்டி வந்தவர்கள். ஆரம்பத்தில் வகுப்புகள் நடந்ததே வாடகைக் கட்டடத்தில். சாமான்கள் குறைவு. ஆனால் அவர்களுக்கு வீட்டு ஏக்கம் என்றால் என்னன்னு சொல்லித் தெரிய வேண்டாத ஒருத்தர் அங்கே இருந்தார். தலையணையில் முகம் புதைச்சு அழுதவர் அவர்.

ஊருக்கு வெளியே மலையடிவாரத்தில், பாகாயத்தில், 1930-களின் தொடக்கத்தில் கல்லூரி வளாகம் எழுந்தது. வகுப்பறை மட்டும் இல்லை. விடுதி, அதையொட்டி ஒரு தோட்டம், தரையைவிடத் தாழ்வாக அமைத்த ஒரு பூங்கா, நடுவில் நீர். இன்னைக்கும் அந்த வளாகத்துக்குப் போகிறவர்கள் அந்தப் பூங்காவைப் பார்க்காமல் திரும்புவதில்லை. மருத்துவம் சொல்லித்தர பூங்கா எதுக்குன்னு கேட்கலாம். தங்கவும் வீடு, தனியா உட்கார்ந்து அழவும் ஒரு இடம், சிரிக்கவும் ஒரு இடம் வேணும்னு தெரிஞ்ச ஆளுக்குத்தான் அது தோணும்.

பிறகும் பாதை லேசா இல்லை. 1930-களின் கடைசியில் அரசு விதிகள் மாறின. டிப்ளமா போதாது, எம்.பி.பி.எஸ் நடத்தணும், இல்லைன்னா மூடணும். ஓய்வெடுக்க வேண்டிய காலத்தில், ஐடா மறுபடி அமெரிக்கா போய் ஊர் ஊராகப் பணம் திரட்டினார். 1942-இல் எம்.பி.பி.எஸ் வகுப்பு தொடங்கியது. 1946-இல் நர்சிங் பட்டப்படிப்பு வந்தது. இந்தியாவில் அதை முதலில் தொடங்கிய இரண்டு இடங்களில் வேலூர் ஒன்று. 1947-இல் ஆண்களும் மருத்துவப் படிப்பில் சேர்க்கப்பட்டார்கள்.

1946-இல் ஐடா பொறுப்பிலிருந்து விலகினார். அதன் பின் வேலூரை வழிநடத்தியவர் விசாகப்பட்டினத்தில் பிறந்து, வெளிநாட்டிலும் மருத்துவம் படித்துத் திரும்பிய ஹில்டா லாசரஸ். அமெரிக்காவிலிருந்து வந்தவர் கட்டிய வீட்டின் சாவி, இந்த நாட்டில் பிறந்த பெண்ணின் கைக்குப் போனது. வீட்டைக் கட்டினவங்களுக்கு அதைவிட நிம்மதி எது?

மலை மேல் ஒரு வீடு

கடைசிக் காலத்தில் கொடைக்கானலில் ஹில்டாப் என்ற வீட்டில் இருந்தார். தோட்டம், பூக்கள், புத்தகம், வந்து போகும் பழைய மாணவிகள். டென்னிஸில் அவருக்கு இருந்த வெறியைப் பற்றி ஒரு கதை உண்டு. அறுபது வயசைத் தாண்டிய காலத்தில் ஒரு போட்டியில், பாட்டியோடு விளையாடணுமான்னு அலுத்துக்கொண்ட டீன்ஏஜ் எதிராளியை அவர் ஓட ஓட விரட்டி ஜெயிச்சார்.

டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் முகவரி எழுதிய ஒரு கடிதம், ஊர் பேரோ தெரு பேரோ இல்லாமலே, சரியா அவர் கைக்கு வந்து சேர்ந்தது. 1960 மே மாதம், 89-வது வயசில் ஹில்டாப் வீட்டில் காலமானார்.

இந்த நாட்டில் தங்கவே மாட்டேன்னு திண்டிவனத்தில் இறங்கியவர் அவர். அவருக்குக் கடிதம் போட, கடைசியில் நாட்டின் பேர் மட்டுமே போதுமானதா இருந்தது.

கிளம்புங்க... ஆனா இதை மறக்காதீங்க

நீங்க லண்டனுக்கோ, டப்ளினுக்கோ, பெர்லினுக்கோ, துபாய்க்கோ போறீங்க. அங்கே முதல் மாசம் கிடைக்கும் அறை சின்னதா இருக்கும். ஜன்னலைத் திறந்தா எதிர்ச் சுவர்தான் தெரியும். சமையலறையை முகம் தெரியாத நாலு பேரோடு பகிர்ந்துக்கணும். டியூட்டி முடிஞ்சு வந்து கதவைச் சாத்தினா, மரக்காணத்து உப்புக் காத்து மூக்கில் வர்ற மாதிரி இருக்கும். வேலை முதல் நாளே சரியா போகணும்னும் இல்லை. ஐடாவுக்கும் போகலை.

அந்த நாட்களில் இது என் வீடு இல்லைன்னு தோணும். ஆமா, இன்னும் இல்லைதான். அதுக்காகத் தப்பான ஊருக்கு வந்துட்டோம்னு அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். பக்கத்து அறைக்காரர் பேரைக் கேட்டுத் தெரிஞ்சு வைங்க. அந்த ஊர் மொழியில் நோயாளிகிட்ட வலி எங்கேன்னு கேட்கக் கத்துக்கோங்க. உங்களுக்கு அப்புறம் வரும் ஜூனியருக்கு உங்க அறையில் ரெண்டு நாள் இடம் கொடுங்க. அவங்களுக்கு டெபாசிட் சட்டத்தைச் சொல்லிக் கொடுங்க.

ஒருநாள் ராத்திரி உங்க கதவும் தட்டப்படும். பக்கத்து அறையில் யாருக்கோ நெஞ்சு வலின்னு ஓடி வருவாங்க. இல்லைன்னா புதுசா வந்த பிள்ளை வீட்டு ஞாபகத்தில் அழுதுட்டு வந்து நிக்கும். எழுந்து போய்த் திறங்க.

அன்னைக்குக் காலையில அம்மாவுக்கு போன் போட்டு, எல்லாம் சரியா இருக்கும்மான்னு சொல்லலாம். இந்தத் தடவை அது பொய்யா இருக்காது.